நெர்காவுக்குக் கிடைத்த குரல்

அம்சத்துக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். திருப்பனந்தாளுக்குத் தெற்கே மண்ணியாற்றங்கரையில் இருக்கும் கீழவிளாகம்தான் அவள் ஊர். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் ராஜகுமாரி வேஷம் கேட்டு அழுதவளுக்கு ஒவ்வொரு வருஷமும் அரக்கி வேஷம்தான் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று அசரீரி பேசியதும் உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெருக் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் வாடகை பேச, தாயார் கண்ணாத்தாளோடு ஒருமுறை கும்பகோணம் போயிருந்தாள். கடைக்காரர் கலந்தர் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், ஏதாவது பேசிப் பார் என்று அதை அவளிடம் நீட்டினார். அவள் திருவிழா அறிவிப்பைச் சொன்னாள். எதிர்க்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுவாரமே கலந்தர் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் கடையின் பின்னறையில் சணல் சாக்கை ஆணியடித்து ஒரு ஒலிப்பதிவு அறை பண்ணியிருந்தார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன குழந்தை, கண் மருத்துவ முகாம் எல்லாமே அம்சத்தின் குரலில்தான் ஆட்டோக்களில் ஊரைச் சுற்றின. தேர்தல் வந்துவிட்டால் காலையில் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்பாள், சாயங்காலம் இரட்டை இலைக்கு. இரண்டு கட்சிக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வந்தார்கள். அடுத்தவனுக்குப் பேசியதைவிட எங்களுக்குக் கொஞ்சம் உணர்ச்சியாகப் பேசும்மா என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

வேன் ஓட்டும் இராஜாங்கத்தைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனாள். சாலிகிராமத்தில் குடியிருந்த வீட்டைச் சுற்றி டப்பிங் தியேட்டர்கள்தான். கலந்தருக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி அங்கே வேலை கிடைத்தது. சந்தையில் பேரம் பேசும் பெண்கள், சாவு வீட்டில் அழுகிறவர்கள், பேருந்தில் சத்தம் போடுகிறவர்கள் என்று கூட்டத்தில் ஒரு குரலாகப் பல வருஷம் ஓட்டினாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ‘ஏழாம் சுற்றுப்பாதை’ வந்தது. வெளிநாட்டில் செய்த அறிவியல் கார்ட்டூன் தொடர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகள் சேனலில் போடுவதற்காகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். வசனம் எழுதி டப்பிங்கை நடத்தியவர் துரைராசு. கதையில் நெர்கா என்று ஒரு வில்லி. மூக்கையும் வாயையும் மூடி இரும்பு முகமூடி போட்டிருப்பாள். பிரம்மாண்டமான கப்பலில் வந்து, கிரகம் கிரகமாகக் கடல்களை உறிஞ்சிக்கொண்டு போவாள். அவளுக்குப் பேச வேண்டியவர் உடம்பு முடியாமல் படுத்துவிட, வெளியே உட்கார்ந்திருந்த அம்சத்தைக் கூப்பிட்டார்கள்.

துரைராசு முதலில் வில்லி மாதிரி சிரிக்கச் சொன்னார். அம்சத்துக்கு அது வரவில்லை. மறுபடி சிரிக்கச் சொன்னார். இருமல்தான் வந்தது. சரி, வசனத்தையாவது சொல்லுங்க என்றார் அலுப்போடு. காகிதத்தில் இருந்தது ஒரே வரிதான். நெர்கா ஒரு சின்னக் கிரகத்தின் தலைவனிடம் சொல்கிறாள்: ‘பயப்படாதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.’

அந்த வரியைப் படித்ததும் அம்சத்தின் காதில் பக்கிரியின் குரல் கேட்டது.

பக்கிரி கீழவிளாகத்துப் பெரிய பண்ணையில் காரியக்காரராக இருந்தவர். பண்ணையின் நிலபுலம், ஆள் அம்பு, களம், கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. அம்சத்தின் தகப்பனார் மருதையன் அந்தப் பண்ணையில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் செய்துவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் சொல்லி மருதையனும் எழுதிக் கொடுத்தார். பண்ணை, அது எங்கள் சொந்தச் சாகுபடி, மருதையன் கூலியாள்தான் என்று மறுத்துவிட்டது. சம்பா முற்றி நின்றது. தான் நட்ட வயலைத் தான் அறுப்பேன் என்று மருதையன் சங்கத்து ஆட்களோடு இறங்கி அறுத்தார். பண்ணை நெல்லைத் திருடியதாக வழக்குப் போட்டார்கள்.

போலீஸ் வருவதற்கு முன்னால் பக்கிரிதான் வந்தார். அம்சத்துக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை. தாயாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கிரி சத்தம் போடவில்லை. அவர் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திப் பேசுவார்.

“கண்ணாத்தா, கதிரை எங்க வச்சிருக்கீங்கன்னு… சொல்லிடு. உன் நல்லதுக்குத்தான்… சொல்றேன்.”

கண்ணாத்தாள் நம்பிச் சொல்லிவிட்டாள். நெல்லும் போனது, நிலமும் போனது. கோர்ட்டில், அந்த வயலை ஆள் விட்டு நட்டது நான்தான் என்று பக்கிரி சாட்சி சொன்னார். மருதையன் ஒரு வருஷத்துக்கு மேல் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். திருடன் மகள் என்ற பேச்சு பள்ளிக்கூடத்தில் அம்சத்தைத் துரத்திக்கொண்டே வந்தது.

தியேட்டரில் அம்சம் குரலை இறக்கி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, அந்த வரியைச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த துரைராசு நிமிர்ந்தார். பிறகு, சிரிப்பெல்லாம் வேண்டாம், இப்படியே போவோம் என்றார்.

அன்றிலிருந்து அம்சம் வாராவாரம் பக்கிரியானாள். நிறைவாக இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்த ஆளை இழுத்து வந்து, ஊர் முழுக்கக் குழந்தைகள் பயந்து வெறுக்கும்படி நிறுத்திவிட்டோம் என்று இராஜாங்கத்திடம் சொல்லிச் சிரித்தாள்.

தொடர் பகுதி பகுதியாகத்தான் சென்னைக்கு வரும். அடுத்து என்ன கதை என்பது துரைராசுவுக்கே தெரியாது. பாதித் தொடர் தாண்டியபோது வந்த ஒரு பகுதியில் நெர்காவின் சொந்தக் கிரகத்தைக் காட்டினார்கள். கடல் இருந்த இடத்தில் வெடித்த சேறு. குழந்தைகள் விடியற்காலையில் பாறைகளில் படிந்த பனியை நக்கிக்கொண்டிருந்தன. புழுதியைச் சுவாசிக்காமல் இருக்கத்தான் அவள் முகமூடி போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதாநாயகன் அவளைப் பார்த்துத் திருடி என்கிறான். அவள் பதில் சொல்ல வேண்டும்: ‘ஆமாம், எடுத்தேன். எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டவர்கள் எழுதிய சட்டத்தில் எனக்கு வேறு என்ன பெயர் இருக்கும்?’

அம்சம் அந்த வரியை மறுபடி படித்தாள். இது மருதையன் சொல்ல வேண்டிய பேச்சு. கோர்ட்டில் அவரைப் பேச விட்டிருந்தால் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார். அதைப் பக்கிரியின் குரலில் எப்படிச் சொல்வது? இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். துரைராசு டீயோடு வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தப் பகுதியிலிருந்து வேறு குரலில் பேசட்டுமா என்றும் கேட்டாள்.

துரைராசு யோசித்தார்.

“குரலை மாத்த முடியாதும்மா. அன்னைக்கு அப்படிப் பேசினவதான் இன்னைக்கு இப்படியும் பேசுறா. ரெண்டும் ஒரே ஆளுதானே.”

அவர் தொடரைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அம்சம் மறுபடி மைக் முன்னால் நின்றபோது, பக்கிரியைப் பற்றித் தான் பார்த்தும் யோசிக்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன மகள் அவருக்கு. பிரகதாம்பாள் என்று பெயர். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பண்ணை வீட்டு வாசலில் நின்றதை அம்சம் பலமுறை பார்த்திருக்கிறாள். வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டுமானால் பண்ணை வண்டி கொடுத்தால்தான் உண்டு. குடியிருந்த வீடும் பண்ணை மனையில் இருந்தது. வேறு மாதிரி சாட்சி சொல்லியிருந்தால் அன்று சாயங்காலம் அந்த மனுஷன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே போயிருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் நினைத்தும் கோபம் தீரவில்லை. ஆனால் அந்தக் குரலில் அந்த வரியைச் சொல்ல முடிந்தது.

அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். புரட்டாசியில் அம்சம் ஊருக்குப் போனபோது, சம்பாவாவது கிடைக்குமா என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எல்லா வீட்டிலும் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் மருதையன் வீட்டில்தான் வந்து கூடினார்கள். நெர்காவுக்குப் பேசுவது அந்த வீட்டு அக்கா அல்லவா? சென்னைப் பிள்ளைகள் கதாநாயகன் பக்கம் என்று அம்சத்துக்குத் தெரியும். இங்கே அப்படி இல்லை. நெர்காவின் கப்பல் கடலை உறிஞ்சத் தொடங்கியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பெண் குழந்தை, மேட்டூருக்கும் இப்படி ஒரு குழாய் விட்டால் என்ன என்று கேட்டது.

அன்று வந்தது நெர்கா ‘ஆமாம், எடுத்தேன்’ என்று சொல்லும் பகுதி. மருதையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். பிள்ளைகள் போன பிறகு மகளிடம் சொன்னார்.

“இது பக்கிரி குரலுல்ல?”

அம்சம் ஆமாம் என்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

“அவன் ஒரு நாளும் இப்படிப் பேசினதில்ல. ஆமா, எடுத்தேன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வந்திருந்தா, நான் பாதி கோவத்தை அன்னைக்கே விட்டிருப்பேன்.” கொஞ்சம் பொறுத்து, “அவனுக்குப் பேச்சு போயிடுச்சு, தெரியுமா? வாதம் வந்து படுத்துட்டான்” என்றார்.

அம்சத்துக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு மேலத்தெருவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. பண்ணைக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தது. பக்கிரி மட்டும் அதே மனையில், அதே ஓட்டு வீட்டில் இருந்தார். கையில் ஊன்றுகோலோடு பிரகதாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள். அந்தத் தெருவில் அம்சத்தை யாரும் அப்படி அழைத்ததில்லை.

கட்டிலில் பக்கிரி ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு பக்க வாய் கோணியிருந்தது. அம்சத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. பிரகதாம்பாள் முக்காலியை இழுத்துப் போட்டாள். பேச்சை அவளே தொடங்கினாள். தெருப் பிள்ளைகள் சொல்லித்தான் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாளாம்.

“மொத நாள் கேட்டப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எங்கப்பா குரலைக் கொண்டுபோய் ஒரு ராட்சசிக்கு வச்சிருக்கீங்களேன்னு. அப்புறம் பார்த்தா, அந்தச் சத்தம் கேட்டா அப்பா தலையைத் திருப்புறாரு. வேற எதுக்கும் திரும்புறதில்ல.”

பிரகதாம்பாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். தன் பெயரைச் சொல்லி, சாப்பிட்டியா என்று ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் கேட்க முடியுமா? அப்பா தினமும் அப்படித்தான் கேட்பார், செல்போனில் பதிந்து வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

கேட்டதில் தப்பில்லை என்று அம்சத்துக்குப் புரிந்தது. குரலும் நாக்கு நுனியில்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். தாயார் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டு அன்று முழுவதும் அடுப்பங்கரையில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது.

“அது என்னால ஆகாதுங்க,” என்றாள். “மன்னிச்சுக்குங்க.”

பிரகதாம்பாள் முகம் வாடினாலும் வற்புறுத்தவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். கடைசியில் நெர்காவைக் கொன்றுவிடுவார்களா என்று கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றாள் அம்சம்.

கொன்றுவிட்டார்கள். கடைசிப் பகுதியில் நெர்கா தன் கப்பலை மோதி உடைத்து, சேர்த்த தண்ணீரையெல்லாம் தன் கிரகத்தின் மேல் கொட்டிவிட்டு அதோடு போய்விடுகிறாள். அதற்கு வசனமே இல்லை, ஒரு மூச்சு மட்டும்தான். அம்சம் முதல் முறையிலேயே சரியாகச் செய்துவிட்டாள். தியேட்டரில் எல்லோரும் கைதட்டினார்கள். கீழவிளாகத்தில் பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டதாகக் கண்ணாத்தாள் போனில் சொன்னாள்.

தை முடிவதற்குள் பக்கிரி இறந்துபோனார். சம்பா கருகிய பேச்சே எங்கும் இருந்த அந்த நாட்களில் அம்சம் ஊரில்தான் இருந்தாள். மருதையன் சட்டையை மாட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குக் கிளம்பினார். கண்ணாத்தாள் தடுக்கவில்லை, ஆனால் கூடப் போகவும் இல்லை. பந்தலில் கடைசி பெஞ்சில், உடலை எடுக்கும் வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார். பண்ணைக் குடும்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, இத்தனைக்குப் பிறகும் எதற்குப் போனீர்கள் என்று மகள் கேட்டாள்.

“கோவம் இன்னும் இருக்குதான். அதுக்காகச் சாவுக்குப் போகாம இருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்சத்துக்கு வில்லி வேஷங்கள் நிறைய வந்தன. சூனியக்காரி, கொடுங்கோல் மாமியார், பேசும் பாம்பு என்று எல்லாம் செய்தாள். பிரகதாம்பாள் கேட்டதைச் செய்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். செய்யாததுதான் சரி என்று சில நாள் தோன்றும். இராஜாங்கத்திடம் ஒருமுறை கேட்டாள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அவன், எனக்கும் தெரியலை என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பினாள். அன்று அவளுக்கு ஒரு யானைக்குப் பேச வேண்டியிருந்தது.