எல்லோரும் வேலை செய்தால்தான் திறக்கும் ஓட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில், எல்லோர் முன்னிலையிலும் என்னிடமிருந்து ரூட் பாஸ்வேர்டைப் பறித்தார்கள். பறித்தவர் எங்கள் மேனேஜர். ரூட் என்றால் அந்த யூனிக்ஸ் கணினிக்கே எஜமான் மாதிரி. எந்தக் கோப்பையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அந்த ஒரு பெரிய கணினியில்தான் மாடி முழுக்க எல்லோரும் வேலை செய்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

நடந்தது இதுதான். காலையில் யார் லாகின் செய்தாலும் திரையில் முதலில் ஓர் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக் கோப்பில் ரூட்டைத் தவிர யாரும் எழுத முடியாது. திங்கட்கிழமை மேனேஜர் லாகின் செய்தபோது அதில், ‘மேனேஜர் வர நேரமாகும், அதுவரை நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அன்று பார்த்து வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "உங்கள் கணினிக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

அவர் ஓட்டலுக்குத் திரும்பியதும் மேனேஜர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"பாஸ்வேர்ட் உன்கிட்ட மட்டும்தானேம்மா இருக்கு? ஒண்ணு நீ எழுதியிருக்கணும். இல்ல, யாருக்காவது சொல்லியிருக்கணும்."

"ரெண்டுமே இல்ல சார்."

"அப்ப பேய் வந்து எழுதிச்சா?"

என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை மாற்றினார். எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது. நான் ஏமாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஜீவனஹள்ளியில் எங்கள் சந்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். என் வேலையைப் பற்றி டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று ஓர் இடம் விடாமல் பீற்றிக்கொண்டிருந்தார். வேலை போனால் வேறு வேலை தேடலாம். கள்ளத்தனம் செய்து துரத்தப்பட்டவள் என்ற பெயரோடு அந்தச் சந்தில் எப்படி நடப்பது? வீட்டில் வாயே திறக்கவில்லை.

ரூட்டாக யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கணினி தானே குறித்து வைத்திருக்கும். அதைப் பார்த்தேன். அந்த அறிவிப்பு மாறிய நேரத்தில் யாருமே ரூட்டாக வரவில்லை. அப்படியானால் ரூட்டின் அதிகாரத்தை யாரோ வேறு வழியில் கடன் வாங்கியிருக்க வேண்டும். அப்படிக் கடன் கொடுக்கும் நிரல்களில் எங்கள் அலுவலகத்திலேயே எழுதியது ஒன்றே ஒன்றுதான். எழுதியவர் சாட்சாத் மேனேஜர்.

நல்ல நிரல்தான். கை தவறி ஒரு கோப்பை அழித்துவிட்டால், நேற்றைய பிரதியிலிருந்து அதை மீட்டுத் தரும். பிரதிகள் இருந்த வட்டை ரூட் மட்டுமே திறக்கலாம் என்பதால், யார் ஓட்டினாலும் அந்த நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். அது வருவதற்கு முன்பு, ‘மேடம், என் ஃபைல் போச்சு’ என்று என் மேஜை முன்னால் எப்போதும் ஒருவர் நிற்பார். எழுதும் முன், நாம் கொடுத்த கோப்பின் பெயரை வைத்து அது ஒரு கேள்வியும் கேட்டுத் தானே சரிபார்க்கும்: ‘நீ காட்டுகிற இடம் உன்னுடையதா?’ ஆமென்றால் மட்டும், மறுபடி அதே பெயரைத் தேடிப் போய் அங்கே எழுதும்.

என்னை உறுத்தியது அந்த ‘மறுபடி’. யூனிக்ஸில் ஒரு பெயரை வேறொரு கோப்பை நோக்கிக் கை காட்ட வைக்கலாம். கேள்வி கேட்கும்போது அந்தப் பெயர் என் சொந்தக் கோப்பைக் காட்டட்டும். பதில் கிடைத்த மறுகணம், எழுதப் போவதற்குள், அதே பெயர் அறிவிப்புக் கோப்பைக் காட்டினால்? எங்கள் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வருவதற்குள், அந்த இடத்தில் அடுத்த வீட்டுக் குடம் உட்கார்ந்திருக்கும். பார்த்த இடம் அதேதான், குடம்தான் வேறு. மேனேஜர் வீட்டில் கிணறும் மோட்டாரும் உண்டு, பாவம்.

புதன்கிழமை அவரிடம் சொன்னேன்.

"அது கேக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல கண் சிமிட்டற நேரம்கூட இல்லம்மா. அதுல யாரு பூந்து மாத்துவா?"

"ஒரு தடவையில முடியாது சார். விடாம முயற்சி பண்ணிட்டே இருந்தா ஒரு தடவை மாட்டும்."

"சரி, நாளைக்கு எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டு."

இரண்டு குட்டி நிரல்கள் எழுதினேன். ஒன்று மீட்பு நிரலை ஓயாமல் கூப்பிடும். இன்னொன்று அந்தப் பெயரை இங்கும் அங்கும் ஓயாமல் மாற்றும். என் கோப்பு ஒன்றின்மேல் ஏவிப் பார்த்தேன், மாட்டியது. வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாடியே என் மேஜையைச் சுற்றி நின்றது. ஓட விட்டேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அறிவிப்பு அசையவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். 

அப்போதுதான் மாடியின் அமைதி காதில் விழுந்தது. ஒரு கீபோர்டு சத்தம் இல்லை. வேடிக்கை பார்க்க எல்லோரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். முன்பு மாட்டியபோது எல்லோரும் வேலையில் இருந்தார்கள். இப்போது யார் வேலை செய்கிறார்கள்? வேறு வேலையில்லாத கணினி, கேள்வி கேட்ட கையோடு நடுவில் எங்கும் நிற்காமல் எழுதிவிடுகிறது. நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால்தான் கேட்டதற்கும் எழுதுவதற்கும் நடுவே அது கொஞ்சம் நிற்கும். அந்த நிற்கும் இடம்தான் ஓட்டை.

"ஏன் இங்க நிக்கறீங்க? எல்லாரும் போய் அவங்கவங்க சீட்ல உக்காந்து வேலையப் பாருங்க!" என்று கத்தினேன். "கம்பைல் போடுங்க. பெருசாப் போடுங்க!"

அந்த மாடியில் அதுவரை மேனேஜர் மட்டுமே சொல்லிவந்த வாக்கியம் அது. அவரே திகைத்துப்போய் ஓரமாக நின்றார். எல்லோரும் ஓடிப்போய் உட்கார்ந்து, எழுதிய நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் அந்தப் பளுவான வேலையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். கணினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் அடித்த எழுத்துகள் திரையில் தாமதமாக வந்தன. கொஞ்ச நேரத்தில் என் நிரல் நின்றுவிட்டது, மாட்டிக்கொண்டதென்று அர்த்தம்.

"சார், இப்ப நீங்க புதுசா லாகின் பண்ணுங்க."

செய்தார். அவர் திரையில் முந்தின நாளே என் கோப்பில் நான் எழுதி வைத்திருந்த வரி வந்தது: ‘இதை எழுதியவளிடம் ரூட் பாஸ்வேர்டு இல்லை.’ இல்லைதானே? திங்கட்கிழமை அவரே பறித்துக்கொண்டாரே! என்னை அவமானப்படுத்த அவர் செய்த காரியமே எனக்குச் சாட்சியாக நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அன்று மாலையே, மேனேஜர் ரூட் பாஸ்வேர்டைத் தானே அடித்து உள்ளே விட, ஓட்டையை அடைத்தேன். அந்தக் கேள்வியை எடுத்தேவிட்டேன். பிரதியைத் திறக்கும் வரைக்கும்தான் ரூட் அதிகாரம். திறந்ததைக் கையில் பிடித்தபடியே அது யாருடையது என்று பார்த்துவிட்டு, அதிகாரத்தைக் கீழே போட்டுவிட வேண்டும். பிறகு கேட்டவரின் சொந்த உரிமையோடு போய் எழுத வேண்டும். உரிமை இல்லாத இடமென்றால் இயங்குதளமே கதவைச் சாத்திவிடும். நடுவில் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கவலையில்லை. கணினியைத் திணறத் திணற ஓடவிட்டு என் குட்டி நிரல்களை மறுபடி ஏவினேன். ஒன்றும் மாட்டவில்லை.

கிளம்பும்போது ஜன்னலோரத்து சீட்டுக்காரன் படிக்கட்டில் வழி மறித்தான். திங்கட்கிழமை அறிவிப்பை மாற்றியவன் அவன்தான். "சும்னே தமாஷெகெ மாட்தே" என்றான் கன்னடத்தில், சும்மா வேடிக்கைக்குச் செய்தானாம். "இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று தமிழிலேயே கேட்டேன். புரிந்தது போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜரிடம் அவனாகப் போய்ச் சொல்லும்வரை நான் அவனிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை, ஊர் திரும்பியிருந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் வந்தார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார் மேனேஜர். ரூட்டைத் தவறாகப் பயன்படுத்திய ஆளை அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டார் அவர். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரூட்டை யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை. நான் எழுதிய நிரலில் ஓட்டை இருந்தது. எங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மனுஷன் பெரிய மனுஷன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லது. இப்போது ரூட் யாரிடம் இருக்கிறது?"

மேனேஜர் தொலைபேசியை மேஜையின் இந்தப் பக்கம், என் முன்னால் நகர்த்திவைத்தார். மாடி முழுக்க என்னையே பார்த்தது.

"என்னிடம்" என்றேன்.