டி டிரைவில் ஹிமாயா

முஸ்பிறாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஹிமாயாவை ஐந்து வயதில் சுனாமி கொண்டுபோனது. இளையவள் சம்ஹா அதற்குப் பிறகு பிறந்தவள். கல்முனைக்குடியில் யாரிடம் விசாரித்தாலும் முஸ்பிறாவைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். கடல் தட்டிப்போட்ட வீட்டைத் திரும்பக் கட்டியவள், புருசன் கத்தாரில் கிடக்க ஒற்றை ஆளாய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள், ஐவேளைத் தொழுகை விடாதவள். எல்லாம் உண்மை. அந்த வீட்டுக்குள் சம்ஹா என்ன பாடு பட்டாள் என்று மட்டும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

கடல், வீட்டோடு சேர்த்து அல்பங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மூத்தவளின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. முஸ்பிறா சொந்தக்காரர் வீடுகளெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் வரிப்பத்தான்சேனையில் ஒரு கல்யாண வீடியோவில் பிள்ளையைக் கண்டுபிடித்தாள். மஞ்சள் சட்டை போட்ட ஹிமாயா, பலர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சஹனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கமராவைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறாள். யாரோ கூப்பிட, கிறுகித் திரும்பி ஓடுகிறாள். அவ்வளவுதான் மிச்சம். கசெட்டும் பிறகு பூஞ்சணம் பிடித்துப் போனது. அதற்கு முதல் அந்தத் துண்டை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் திருத்துகிற றிஷாட்தான் அதை டி டிரைவில் போட்டுக் கொடுத்தவன். "சி போனாலும் டி நிக்கும் ராத்தா. நீங்க பயப்பட வேணாம்" என்றான். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் உள்ள வீடெல்லாம் இதே நம்பிக்கைதான். புதிதாக விண்டோஸ் போட்டால் சி அழியும். டி என்பது கொங்கிறீட் போட்ட மேல்மாடி, அங்கே தண்ணீர் ஏறாது. போனில் ஒரு பிரதி வைக்கலாம் என்று சம்ஹா சின்ன வயதில் கேட்டதற்கு முஸ்பிறா சீறி விழுந்தாள். போன் நாலு பேர் கையில் போகும், பேஸ்புக்கில் ஏறும். பிள்ளையை றோட்டில் விட ஏலாது என்றாள்.

முஸ்பிறா தினமும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அந்தத் துண்டைப் பார்ப்பாள். அதில் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. பெற்றவளின் வயிறு அது. ஆனால் பார்த்து முடித்துத் திரும்பும்போது எதிரே சம்ஹா நின்றால் அவள் முகம் மாறிவிடும். தெரிந்த கடைக்காரரைத் தேடிப் போய், அங்கே வேறு யாரோ நிற்பதைக் கண்டது போல ஒரு முகம். சம்ஹா நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

பெண் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியபோது கூத்து இன்னும் கூடியது. நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அதனால் வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு பெண்ணை. முஸ்பிறா இரண்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டுவாள்.

"மூத்தவள் வெள்ள. மூக்கப் பாருங்களன், என்ன வடிவு! இரிந்திருந்தா இந்த வீடு அவளுக்குத்தான். இவள் வாப்பாட பக்கம், நிறம் கொஞ்சம் கொறவு."

சம்ஹா தட்டத்தோடு பக்கத்திலேயே நிற்பாள். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போவார்கள். ஒருவரும் சொல்லியனுப்பவில்லை.

சம்ஹா தொழில்நுட்பக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பழைய விண்டோஸுக்கு இனி பாதுகாப்பு வராது, புதியதைப் போட வேண்டும் என்று ஒரு நாள் வந்து சொன்னாள்.

"இதுல சும்மா போட ஏலா உம்மா. ஹார்ட் டிஸ்க்க முதல்ல புது மாதிரிக்கு மாத்தணும். பொறகுதான் ஏறும்."

"டிக்கு ஒண்டும் ஆகாதே?"

"ஆகாது உம்மா."

அன்றைக்கு அசரிலிருந்து அந்தி மஃரிப் வரை சம்ஹா கம்ப்யூட்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை. திரையில் கறுப்பு, அதில் சின்னதாய் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது. ஹிமாயா ராத்தாவுக்காக இப்படிக் காவல் இருக்கிறாளே என்று முஸ்பிறாவுக்கு மனம் இளகிப்போனது. ஒரு நாளும் இல்லாத திருநாளாய் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய் மகளின் பக்கத்தில் வைத்தாள். சம்ஹா நிமிர்ந்து அந்தக் கோப்பையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"உம்மா, ஒண்டு செல்லட்டா?"

"பொறகு செல்லு. இப்ப ராத்தாவக் கவனமாப் பாரு" என்றுவிட்டு முஸ்பிறா தொழுகைக்கு உளூ செய்யப் போய்விட்டாள். நின்று கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவளுக்கு இருக்கவில்லை.

மஃரிபுக்குப் பிறகு கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை போலப் பளபளவென்று எழும்பியது. டி இருக்கவில்லை. முஸ்பிறா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்திய சத்தத்துக்கு அயல்வீட்டு மதிலுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. சம்ஹா, "தெரியல்ல உம்மா, அதுவும் சேந்து போயிட்டு" என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் முஸ்பிறா கம்ப்யூட்டர் பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போல மடியில் வைத்துக்கொண்டு றிஷாட்டின் கடைக்குப் போனாள். அவன் இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் அவள் போய் நிற்க, இறைச்சி ரோல்ஸைக் கடித்தபடியே சொன்னான்.

"ராத்தா, இத ஒண்டும் அழியாமலே மாத்தலாம். படிக்கிற புள்ளைக்கு அது தெரியாம இரிக்காது. சரி, தெரியாம அழிச்சாலும் நான் எடுத்துத் தருவன். எத்தின பேருக்கு எடுத்துக் குடுத்திரிக்கன். இதுல ஒண்டுமே இல்ல. முழு டிஸ்க்கையும் தலையில இருந்து கால் வரைக்கும் பூச்சியமா எழுதிப்போட்டுத்தான் புது விண்டோஸ் ஏத்தியிரிக்கு. அது கைதவறி வாறதில்ல. அதுக்கெண்டு செல்லிச் செய்யணும், மணித்தியாலக் கணக்குல ஓடும். நடுவுல நிப்பாட்டினாலும் பாதியாவது மிஞ்சியிரிக்கும்."

அவனுக்கு அது ஒரு டிஸ்க். சொல்லிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

முஸ்பிறா வீட்டுக்கு வந்து, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மகளுக்கு முன்னால் நின்றாள்.

"வேணுமெண்டா செஞ்ச?"

"ஓம்."

"நிப்பாட்ட ஏலாமப் போச்சா?"

"ஏலும் உம்மா. நீங்க தேத்தண்ணி கொண்டு வரக்க நிப்பாட்டத்தான் பாத்தன்."

அடிப்பாள் என்று சம்ஹா எதிர்பார்த்தாள், அதற்கு ஆயத்தமாய்க் கையில் இருந்த சட்டையைக்கூடக் கீழே வைத்தாள். முஸ்பிறா அடிக்கவில்லை. அறைக்குள் போய்க் கண்ணை மூடி மூத்தவளின் முகத்தைத் தேடினாள். மஞ்சள் சட்டை வந்தது. முகம் வரவில்லை. இத்தனை வருசமாய் அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து, அதற்கு வெளியே இருந்த பிள்ளையை அவளே எப்போதோ தொலைத்திருந்தாள். இந்தப் பாழாய்ப்போன உண்மைக்கும் அவள் சம்ஹா மீதுதான் பழியைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாவடிப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல சனம். மாப்பிள்ளையின் உம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் மேசை விரிப்பால் மூடியிருந்தது. இனி ஒப்பிட்டுக் காட்ட ஒருத்தியும் இல்லை. குசினிக்குள் சம்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாய்ப் பயமில்லாமல் தட்டத்தைத் தூக்கினாள்.

"உங்களுக்கு எத்தின புள்ளையள்?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்பது கேட்டது.

"ஒண்டுதான்" என்றாள் முஸ்பிறா. "சுனாமியில மவுத்தாயிட்டு."

சம்ஹா தட்டத்தோடு குசினி வாசற்படியில் நின்றாள். வந்தவர் அவளைப் பார்த்தார், முஸ்பிறாவைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் விரலை நீட்டி, "அப்ப, இந்தப் புள்ள?" என்றார்.

முஸ்பிறா திரும்பிப் பார்க்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, எடுத்துக் குடிங்க" என்றாள்.