மூடி தேவை

உங்கள் வீட்டில் செத்துப்போனவருக்கு ஓட்டு உண்டா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். "அவர் இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருப்பாரா?" என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே யாராவது கேட்டிருந்தால், அங்கே அந்த ஓட்டு விழுந்தாயிற்று. எண்ணி அறிவிப்பது மட்டும் உயிரோடு இருப்பவர்கள். இந்தப் பெண் கண்டக்டரின் வீட்டில் செத்தவர் ஓட்டோடு விடவில்லை. போட்டோவிலேயே வந்து நின்றார்.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை. வீட்டிலும் தெருவிலும் அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவது அடுப்படியில் நின்றபடி. விடுமுறை நாளில்கூட, ஏதோ வளைவில் பஸ் திரும்பப் போகிறது என்பதுபோல ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்கும். கணவர் காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மாமியார், கொழுந்தன், பள்ளிக்கூடம் போகும் மகள் எல்லோரும் ஒரே வீடு.

ஒரு மாலை தோளிலிருந்து டிக்கெட் பையைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அத்தை, நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறேன். டிப்போவுல டயர் மாட்டுறவரு. நல்ல மனுஷன்."

"டயர் மாட்டுறவனா?" என்றார் மாமியார், குறை அது ஒன்றுதான் என்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். கொழுந்தன் தன் அண்ணனின் பழைய பிலிம் கேமராவை எடுத்தான். அதன் லென்ஸ் மூடியை அவன் எப்போதோ ஒரு பயணத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் தவற விட்டிருந்தான். அதிலிருந்து கேமரா வீட்டு ஜன்னல் விளிம்பில், வெயிலைப் பார்த்தபடி, மூடாத கண்ணோடு கிடந்தது. கழுவி வந்த படங்கள் எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை வெளிச்சம். கேக் வெட்டும் படத்தில் அது சரியாக மகளின் தலைக்கு மேலே.

"வந்துட்டான்," என்றார் மாமியார்.

"அண்ணனுக்கு இஷ்டமில்லைன்னு நினைக்கிறேன், அண்ணி." கொழுந்தன் இதைக் கண் கலங்கித்தான் சொன்னான். அவன் பொய்யன் இல்லை, அண்ணன்மேல் உயிரை வைத்திருந்தவன். பொய்யனாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம்.

கண்டக்டர் படங்களை டிக்கெட் கட்டுபோல விரித்துப் பார்த்தார். "எல்லாத்துலயும் அதே மூலை. உயிரோட இருந்தப்போ ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் நின்ன மனுஷனா உங்கண்ணன்?"

"போட்டோன்னா அவரு எப்பவும் ஓரமாத்தானே நிப்பாரு, அண்ணி."

இதையெல்லாம் அவர் ஊதித் தள்ளியிருப்பார். ஆனால் மகள் அந்தக் கேக் படத்தைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நாம போயிட்டா அப்பா இங்க தனியா இருப்பாராம்மா?" பதில் வருவதற்குள் அவளே முடிவும் சொன்னாள். "நீ போ. நான் அப்பாகூட இருக்கேன்."

மகள் வராத இடத்துக்கு அவர் போகமாட்டார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கேமராவோடு ரிப்பேர்காரரிடம் போனார். மாடிப்படிக்கு அடியில் கடை. ரிப்பேர்காரர் பின்பக்கத்தைத் திறந்து பல்புக்கு நேரே பிடித்தார். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கறுப்புத் துணி ஒன்று திரைபோல இருந்தது. அதில் ஊசி குத்தினாற்போல ஒரு ஒளிப்புள்ளி.

"மூடி இல்லாம வெயில்ல வச்சிருக்கீங்க. லென்ஸுங்கிறது பூதக்கண்ணாடிதானே, துணியைச் சுட்டுருச்சு. கேமரா சும்மா திறந்து கிடக்கிற நேரமெல்லாம் இந்த ஓட்டை வழியா வெளிச்சம் பிலிம்ல விழும். ஒரு சொட்டு ரப்பர் பசை வச்சா சரியாயிடும். வைக்கட்டுமா?"

"வேணாம். அடைச்சுட்டா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க."

"யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"இப்ப எங்க இருக்காரு அவரு?"

"அதான் எங்க வீட்டுலயும் தெரியாம முழிக்கிறாங்க."

ஓட்டையை வீட்டில் காட்டினார். கொழுந்தன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணன் உள்ள வர ஒரு வழி வேணும்ல, அண்ணி?" என்றான்.

மூடநம்பிக்கையின் வேலையே இதுதான். அதன் கையில் சாட்சியைக் கொடுத்தால் அந்தச் சாட்சியிலேயே தனக்கொரு வாசல் வைத்துக்கொள்ளும். வாதாடிப் பயனில்லை என்று கண்டக்டருக்கு அன்றே தெரிந்துபோயிற்று. வெளிச்சத்தை வேண்டும்போது வரவழைக்க வேண்டும், வேண்டாதபோது நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்குத் தேவை ஒரே ஒரு லென்ஸ் மூடி. படம் எடுக்கும் நொடி தவிர மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடி வைத்திருந்தால், ஓட்டைக்கு வெளிச்சம் ஏது?

மூடி கிடைக்கவில்லை. கடைகளில் இருப்பதெல்லாம் இரண்டு பக்கமும் அழுத்தி உள்ளே மாட்டும் புது வகை. இந்த லென்ஸின் விளிம்பு வழவழப்பானது. தொப்பிபோல வெளியிலிருந்து செருக வேண்டும். "டைனோசருக்குச் செருப்பு கேக்குறீங்களே," என்றார் ஒரு கடைக்காரர். விளிம்பின் அளவுக்கு அட்டையில் ஒரு வட்டம் வெட்டி டிக்கெட் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் கண்ணுக்குப் பட்ட மூடியையெல்லாம் அந்த வட்டத்தை உள்ளே வைத்து அளந்தார். பிளாஸ்க் மூடி பெரிது. பவுடர் டப்பா மூடி சிறிது.

"அதை ஒரு நிமிஷம் குடுங்க," என்றார் ஒரு பெரியவரிடம்.

"டிக்கெட்டைக் கேட்டா நியாயம். இருமல் மருந்து மூடி எதுக்கும்மா உனக்கு?"

"அளவு பாத்துட்டுத் தர்றேன்."

"அப்போ மருந்தை யாரு பிடிச்சுக்கிறது?"

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு எத்தனை மூடி ஏறுச்சு?" டிப்போவில் அவருக்கு 'மூடி கண்டக்டர்' என்று பெயர் விழுந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் இருப்பு கொள்ளவில்லை. ஸ்டாப் வருவதற்கு முன்பே விசில் ஊதினார், சில்லறையை ஆள் மாற்றிக் கொடுத்தார், இறங்க வேண்டியவரை இறங்கவிடாமல் கதவில் நின்றுகொண்டு அவர் கையிலிருந்த ஜாடியை அளந்தார்.

மூடி கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மாமியார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு டப்பாவைத் திறந்தபடி வைத்திருந்தார். தகர மூடி. கண்டக்டர் பழக்கதோஷத்தில் அட்டையை அதற்குள் வைத்தார். கொஞ்சம் லூஸ், அவ்வளவுதான். மறுநாள் டயர்காரர் பழைய டியூபில் ஒரு பட்டை நறுக்கி உள்விளிம்பில் ஒட்டிக் கொடுத்தார். கேமராவின் மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"என் தைல மூடி எங்க போச்சு?" என்று மாமியார் தேடிக்கொண்டிருந்தார்.

"தேடித் தர்றேன் அத்தை."

முதல் ரோல் பாழ். அந்த வகைக் கேமராவில் பார்ப்பது ஒரு சின்ன ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. லென்ஸ் மூடியிருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். அவசரக்காரி, மூடியைக் கழற்றவே மறந்து ரோல் முழுவதும் அழுத்தித் தள்ளியிருந்தார். ஒரு படமும் விழவில்லை.

"அண்ணனை அடைச்சு வச்சீங்க. அவரு எல்லாத்தையும் இருட்டாக்கிட்டாரு," என்றான் கொழுந்தன்.

மாமியார் கேமராவைப் பார்த்தார். "ஏம்மா, அது என் மூடி இல்ல? என் புள்ளையைத் தைல மூடியால மூடினியா நீ?"

கண்டக்டர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். மகள்தான் அவர் பின்னாலேயே வந்து சொன்னாள்: "பஸ்ஸுல நீ மறக்கவே மாட்டியேம்மா."

"எதை?"

"ரைட், ஹோல்டான்."

அடுத்த ரோலுக்கு மூடி மகளின் கையில். எதைப் படம் எடுப்பது என்பதும் அவள் இஷ்டம். அம்மா "ரைட்" என்றால் மூடி கழலும், கேமரா சொடுக்கும். "ஹோல்டான்" என்றால் அந்த நொடியே மூடி ஏறிவிடும். பாதி ரோல் இப்படி. மீதிப் பாதிக்கு மூடியே இல்லை. ஒவ்வொரு படத்துக்கு முன்பும் கேமரா திறந்த கண்ணோடு மேஜையில் காத்திருந்தது. மகள் வரிசையாகக் கை காட்டினாள்: செருப்பு ஸ்டாண்டு, பாத்ரூம் கதவு, வாளி, சீப்பால் முதுகு சொறியும் சித்தப்பா.

படங்கள் வந்தன. மூடி போட்டு எடுத்தவை சுத்தம். மற்றவற்றில் எல்லாம் வலது மேல் மூலையில் அதே பட்டாணி. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன்டா, உங்கண்ணன் எதுக்குடா செருப்பு ஸ்டாண்டுல வந்து நிக்கிறான்?"

கொழுந்தன் அந்தப் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"பாத்ரூம் கதவுல அவனுக்கு என்ன வேலை?"

"அப்பா இல்ல பாட்டி," என்றாள் மகள். மூடியைக் கேமராவில் போட்டாள், எடுத்தாள். "நான் மூடினா வரலை. திறந்தா வருது. வெயில்தான்." சொன்னவள் மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே கேட்டது.

மாமியார் பிறந்தநாள் படத்தைக் கையில் எடுத்தார். "அப்போ அன்னைக்கும் அவன் வரலியா?"

கண்டக்டர் இந்த நாளுக்காக எத்தனையோ பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார். இப்போது அதையெல்லாம் தள்ளிவைத்தார். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வரலை அத்தை."

மாமியார் பிறந்தநாள் படத்தைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மூடியைக் குடு. தைலம் காயுது," என்றார். வாங்கிக்கொண்டு, "புள்ளை ஞாயித்துக்கிழமையானா இங்க வரணும்," என்றார்.

"வருவா அத்தை."

"அவனும் வர்றதுன்னா வரட்டும். அந்த டயர்."

மகள் பாடப்புத்தகத்திலிருந்து கேக் படத்தை எடுத்துத் தன் துணிப்பெட்டியில் வைத்தாள், புது வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியில்.

இதே வீட்டில் மனைவி செத்து, கணவன் மறுகல்யாணம் செய்யப் போவதாகச் சொல்லியிருந்தால் எந்த மூலையிலும் எந்த வெளிச்சமும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யத் தைல மூடியும் இரண்டு பிலிம் ரோலும் வேண்டியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. செய்ய ஒரு வேலை இருக்கிறது.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். படம் எடுப்பது கொழுந்தன், அதே கேமராவில். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஓட்டையை அடைக்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள், வீட்டில் யாருக்காவது மறுபடி சந்தேகம் வந்தால் காட்ட வேண்டுமாம். தைல மூடியோ தைலத்துக்கே போய்விட்டது. ஆகவே உங்கள் அலமாரியின் அடித்தட்டை இன்றே ஒருமுறை கிளறிப் பாருங்கள். வெளியிலிருந்து செருகும் பழைய லென்ஸ் மூடி, உள்வாய் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், தகரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் சரி. அகப்பட்டால் நீங்கள் ஏறும் டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்து, டிப்போவில் சேர்க்கச் சொல்லுங்கள். மூடி கண்டக்டருக்கு என்று சொன்னால் போதும்.