சண்முகவடிவு எழுதிய பில்டர்

சுரண்டை சண்முகவடிவு நெஞ்சுவலியால் காலமானார் என்ற செய்தியை எங்கள் மேலாளர்தான் தொலைபேசியில் சொன்னார். "வடிவு மேடம் தவறிட்டாங்க அண்ணாச்சி. அவங்க எழுதுன பில்டர் நிரலையும் இனிம எடுத்துரலாம்லா? பழையபடி ஒத்த வரில முடிஞ்சிரும்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அழக்கூட எனக்கு அவகாசம் தரவில்லை.

மேலகரத்தில் இருந்துகொண்டு குற்றாலத்து விடுதிகளுக்கு அறைப்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். நான் கல்லூரி வாசலை மிதிக்காமல் நிரல் கற்றவன். வடிவு பட்டம் பெற்றவர். வந்த அன்றே சண்டை பிடித்தார். எங்கள் நிரலில் ஒரு பதிவை உருவாக்க, ஒரே வரியில் எட்டு விவரங்களை வரிசை பிசகாமல் கொடுக்க வேண்டும். எதற்கும் பெயர் கிடையாது. ஆம், இல்லை, இல்லை, ஆம் என்று போகும்.

"இதுல எது கீழ்த்தளம், எது சாப்பாடு? எழுதுனவுகளுக்காவது தெரியுமா அண்ணாச்சி?" என்றார். மேலாளர் சிரித்தார்.

அந்தச் சீசனில் ராயகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த பெரியவருக்காகக் கீழ்த்தளம் கேட்டிருந்தார்கள். சாப்பாடு வேண்டாம் என்றிருந்தார்கள். மேலாளர் தம் கையால் எழுதிய வரியில் அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. மூன்றாம் மாடி கிடைத்தது. மகன்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். மன்னிப்புக் கேட்க மேலாளர் போகவில்லை. வடிவு போனார், நானும் போனேன்.

"சோறு நேரத்துக்கு வந்துட்டு தாயி. தரைதான் வரல்ல" என்றார் பெரியவர்.

திரும்பியதும் வடிவு பில்டரை, அதாவது ஒரு பதிவைப் படிப்படியாகக் கட்டியெழுப்பும் நிரலை, எழுதினார். அதில் ஒவ்வொரு விவரத்தையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும். கடைசியில் பில்டு என்ற கட்டளை அனைத்தையும் சரிபார்க்கும். குறை இருந்தால் பதிவே உருவாகாது. "அரைகுறையா ஒண்ணு பொறக்கவே கூடாது அண்ணாச்சி" என்பார்.

"ஒரு ரூமுக்கு இம்புட்டு நீட்டமா?" என்று மேலாளர் முகம் சுளித்தார்.

"மூணு மாடி ஏறுததவிட நீட்டமில்ல சார்."

பழைய ஒற்றை வரி வழியை மூடிவிடும்படி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார் வடிவு. அவசரத்துக்கு உதவும் என்று மேலாளர் அதைத் திறந்தே வைத்தார்.

இரங்கல் கூட்டத்தில் அதே மனிதர், "யாரையும் எதுத்துப் பேசாதவங்க" என்று கண்ணைத் துடைத்தார். பச்சைப் பொய். எதிர்த்துப் பேசியே எங்கள் வேலையைக் காப்பாற்றியவர் வடிவு.

கூட்டம் முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்தேன். பில்டரைத் தவிர வேறெதுவும் தொட முடியாதபடி பழைய வழியைப் பிரைவேட் ஆக்கினேன். நிரலில் அதை நம்பியிருந்த இடங்களெல்லாம் சிவப்பாகப் பிழை காட்டின.

"என்ன செஞ்சீய அண்ணாச்சி?" என்று மேலாளர் ஓடிவந்தார்.

"அடச்சிட்டேன். தொறக்கணும்னா என்னைய வெளிய அனுப்பிட்டுத் தொறந்துக்கிடும்."

இப்போது ஒவ்வொரு சிவப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கீழ்த்தளம் என்று எழுதி ஆம். சாப்பாடு என்று எழுதி இல்லை.

போய் வாருங்கள், வடிவு. உங்கள் கோபத்தை மட்டும் இங்கே விட்டுச் செல்லுங்கள். வேலை இன்னும் முடியவில்லை.