ஆளா, பொருளா?

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கேள்வித்தாள். மருத்துவமனைகளுக்கான மென்பொருளில் திரையில் வரும் வாசகங்களையெல்லாம் தனிக் கோப்பு ஒன்றில் வரிவரியாக வைத்திருப்பார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. அந்தக் காலியைத் தமிழில் நிரப்புவதுதான் அவள் பிழைப்பு. எந்தத் திரை, எந்த இடம் என்று காட்டித் தொலைக்க மாட்டார்கள். மொட்டை மொட்டையாக வார்த்தைகள் வரும்.

ஒருநாள் 'எக்ஸ்பயர்டு' என்று ஒரு வரி வந்தது. எழுந்து போய்ப் புரோகிராமரிடம் கேட்டாள்.

"தம்பி, இது ஆளா, பொருளா?"

"மாத்திரை அட்டைக்குக்கா. ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆள் செத்தாலும் ஆஸ்பத்திரியில இதே வார்த்தைதான்பா. ரெண்டு வரியா பிரிச்சு வச்சுடு."

மேலாளர் நிமிர்ந்தார். "ஒரு வார்த்தைக்கு ரெண்டு வரியா? கேள்வித்தாளுக்கு விடை எழுதவே தனியா ஆள் போடணும் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவி மகள், அவளும் சேர்ந்து சிரித்தாள். 'காலாவதியாகிவிட்டது' என்று அடித்துக் கொடுத்தாள்.

ஏழு மாதம் கழித்து அவள் கணவனுக்கு மூச்சுத்திணறல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. வெளியே சுவரில் ஒரு திரை, அவள் கம்பெனி மென்பொருள்தான்; படுக்கை எண்ணும் நோயாளியின் நிலைமையும் அதில் தெரியும். மூன்று நாளாக ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே 'சிகிச்சையில்' என்றே இருந்தது. அதுவும் அவள் எழுதியதுதான்.

"அது மட்டும் மாறாம இருந்தாப் போதும்டி" என்றாள் தங்கையிடம்.

நாலாம் நாள் காலை பத்தரைக்கு மாறியது. படுக்கை 9: காலாவதியாகிவிட்டது. மாத்திரைக்கு எழுதிய வரியையே மனுஷனுக்கும் மாட்டிவிட்டிருந்தான் அந்தப் புரோகிராமர் புண்ணியவான்.

தங்கை படித்துவிட்டு, "ஏதோ மருந்து பழசாயிடுச்சாம்க்கா. மாத்திடுவாங்க, பயப்படாதே" என்றாள்.

"மருந்து இல்லடி. மாமா போயிட்டாரு."

"சும்மா இரு! உனக்கெப்படித் தெரியும்?"

"எழுதினதே நான்தாண்டி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனவள் நேராக மேலாளர் முன்னால் நின்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை கொடுத்தார்கள்.

"இப்பவாவது அந்த வரியைப் பிரிங்க சார்."

"அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்மா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களைத் தவிர வேற யாரும் குறை சொல்லலையே."