புதுக் காரின் கதவு

போன வியாழக்கிழமை புதுக் காரில் நாகூர் போய்வந்தேன். உள்ளங்கையில் கைப்பிடித் தடம் இன்னும் மறையவில்லை... சொல்கிறேன்.

சைகோனில் இருக்கும் மகன் கப்பலில் அனுப்பிய கார் அது. முகப்பில் வெள்ளி எழுத்தில் ஏதோ பெயர். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் – பெயர் எனக்கெதற்கு? காரைக்காலில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கார் இல்லை. அது போதும்.

என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு கார் வைத்திருந்தார். கதவைச் சாத்தினால் இரும்புப்பெட்டி மூடுகிற சத்தம். இருபது வருஷத்தில் ஒரு ஆணி கழன்றதில்லை. இந்தப் புதுசில் மெத்தை உண்டு, ரேடியோ உண்டு, முகம் பார்க்கிற பளபளப்பு உண்டு. கதவு மட்டும் காலி பிஸ்கட் டின் மாதிரி சத்தம் போட்டது. கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மருமகளுக்கு ஏழு மாதம். எங்கள் வீட்டு விருந்து முடிந்து அவளைத் தாய்வீட்டில் விடப் போனோம். கூட்டிப்போக வந்த சம்பந்தியம்மாவிடம், “பூ மாதிரி கொண்டுபோயி எறக்கிடும், பாருங்க” என்று பெருமை பேசித்தான் ஏற்றினேன். காற்று வேண்டும் என்று மருமகள் ஜன்னலோரம். நடுவில் நான். அந்த ஓரம் சம்பந்தி.

திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் ஜன்னல் திரை வெளியே பறந்தது. ஜன்னல் வழியாக அல்ல – தாழ்ப்பாள் விட்டிருந்த கதவு இடுக்கு வழியாக. குனிந்து பார்த்தால் கீழே ரோடு ஓடுகிறது. அந்தக் கதவில்தான் மருமகள் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் கைப்பிடியைப் பற்றினேன்.

டிரைவரை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் சம்பந்திக்குத் தெரிந்துவிடுமே.

முன்பானால் வாஞ்சூர் எல்லையில் சோதனைக்கு நிறுத்துவார்கள். சாக்கு வைத்து இடம் மாற்றியிருப்பேன். பிரெஞ்சுக்காரன் போனபின் யார் நிறுத்துகிறார்கள்?

ஒவ்வொரு பள்ளத்திலும் கதவு என்னை இழுத்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே பிடித்தேன். பிடி நழுவினால் ஒன்றல்ல, இரண்டு உயிர்.

மருமகள் விழித்தாள். “என்ன மாமி, கை நடுங்குது?”

“குளுருதும்மா.” நல்ல வெயில் நேரம்.

“வண்டி நல்லா போவுது லாத்தா” என்றாள் சம்பந்தி. என்னைவிட இளையவள், அக்கா முறைக்கு லாத்தா என்பாள். போர்த்திய துப்பட்டிக்குள் இருந்த கையை எடுக்கவேயில்லை.

“போவாம என்ன?”

நாகூரில் வீட்டு வாசலில் கார் நின்று, மருமகள் இறங்கி உள்ளே போனாள். சம்பந்தி அசையவில்லை. பிறகு துப்பட்டிக்குள்ளிருந்து மெல்லக் கையை எடுத்தாள். அவள் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“பட்டினத்துலேர்ந்து. புதுக் காரு... சொன்னா மனசு சங்கடப்படுவீங்களேன்னு.”

என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். தடத்தைப் பார்த்தாள். மகள் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள். முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தனை பெரிய காரில் தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது எங்கள் இரண்டு பேர் வாய்க்கு மட்டும்தான்.