அரணிக் குழியில் வைத்த நெய்

இதை எழுத வேண்டுமென்று பல வருடங்களாக நினைத்தும், வெட்கத்தில் தள்ளிப்போட்டு வந்தேன்.

அறுபதுகளில், குமராட்சிப் பக்கத்து எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். யாகத்துக்குத் தீப்பெட்டி கூடாது. அரணிக்கட்டையைக் கடைந்துதான் நெருப்பு எடுக்க வேண்டும். கோயில் தர்மகர்த்தா நான் என்பதால், சிதம்பரத்துக் குருக்கள் கட்டைகளை முதல் நாளே என் வீட்டில் வைத்திருந்தார். வெறும் மரத்துக்குள் நெருப்பு எங்கே இருக்கிறதென்று அடிக்கட்டையின் குழியைத் தடவித் தடவிப் பார்த்தேன். அக்கினிக்குப் பிரியமாயிற்றே என்று அதில் கொஞ்சம் நெய்யும் தடவினேன்.

மறுநாள் காலை எவ்வளவு கயிறு இழுத்தும் புகைகூட வரவில்லை. கட்டை வழுக்கிக்கொண்டே சுற்றியது. எனக்குப் புரிந்துவிட்டது. முகூர்த்த நேரமோ போய்க்கொண்டிருந்தது.

“மந்திரத்துல ஏதோ தப்பு மாமா. வேற அய்யரப் பாக்கலாம்” என்றான் என் மச்சான் என்னிடம், குருக்கள் காதுபடவே. நான் வாயைத் திறக்கவில்லை.

குருக்கள் குழியைத் தொட்டு விரலை முகர்ந்தார். என்னை மட்டும் பார்த்தார். “கட்டை ஈரம் வாங்கியிருக்கு. வேற குழி போட்டுக்கலாம்” என்றார்.

புதுக் குழியில் புகை வந்தது. கருகிய தூளுக்குள் சிவப்பாக ஒரு பொறி. அதைத் தேங்காய் நாரில் ஏந்தி என்னிடம் கொடுத்து, “நீங்களே ஊதுங்கோ” என்றார். ஊதினேன், பற்றிக்கொண்டது.

இதை யாருக்காவது சொன்னால் மாற்றாமல் சொல்லுங்கள். கட்டையில் ஈரம் இல்லை. நெய் தடவியவன் நான்.